ஊர் ஆட்டம், ஊர்ச் சுவர், ஊர்க் கோவில்: முடிவெடுப்பது யார்? நீலகிரி ஊர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஊட்டிப் பக்கம் ஒரு காட்சிக்கூடம் திறப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தோடர்கள் போர்த்திக்கொள்ளும் சால்வையான பூத்துக்குளி ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை, மேலே மஞ்சள் விளக்கு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்து மந்திலிருந்து, அதாவது தோடர் குடியிருப்பிலிருந்து, வந்திருந்த ஒரு பாட்டி கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "இது திருப்பிப் போட்டிருக்கு தம்பி" என்றார். பொறுப்பில் இருந்த பையனுக்குப் புரியவில்லை. வழுவழுவென்று இருக்கிற பக்கம்தானே பாட்டி நல்ல பக்கம் என்றான். தோடர்களுக்கு அப்படி இல்லை, நூல் மேடு தட்டிச் சொரசொரப்பாகத் தெரிகிற பக்கம்தான் துணியின் முகம். பாட்டி சொல்லிப் பார்த்தார். பெட்டியை மூடியாச்சு, நாளைக்குத் திறப்பு, அப்புறம் பார்த்துக்கலாம் என்று பதில் வந்தது.

அந்தக் கூடத்துக்காக இரண்டு கலந்தாய்வுக் கூட்டம் நடந்ததாகக் கோப்பில் இருக்கிறது. ஒன்றில் அந்தப் பாட்டியின் கைநாட்டும் உண்டு. டீ, சமோசா, கையெழுத்து, முடிந்தது.

கலந்தாய்வு நடந்தும் துணி ஏன் தப்பாகத் தொங்கியது என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். பாட்டியிடம் கேட்டார்கள், ஆனால் எதை மாற்றும் உரிமையும் அவருக்குத் தரவில்லை. ஊர்க்கூட்டங்களில் தீர்மான நோட்டு எழுதிக்கொடுக்கிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன், அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். பண்பாட்டுக் கொள்கை என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். கோடை விழா மேடையில் யார் ஆடுவது, பஸ் ஸ்டாண்டு சுவரில் யாருடைய படம், கோவில் காட்டுக்குள் ரோடு போடலாமா, பண்டிகைக்குச் சுற்றுலாக்காரர்களை விடலாமா, ஊர்ப் பெயரைப் பலகையில் எப்படி எழுதுவது, எல்லாம் அதுதான்.

முதல் படி: கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

கூட்டத்துக்கு அழைப்பு வந்ததும் எல்லாரும் செய்கிற தப்பு, நேராகப் போய் உட்காருவது. அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: இதில் இன்னும் எதையெல்லாம் மாற்ற முடியும்? மதிப்பீடு போட்டு, வரைபடம் போட்டு, ஒப்பந்தக்காரரும் வந்துவிட்டார் என்றால் நம்மைக் கூப்பிடுவது பெயின்ட் நிறம் கேட்கத்தான். அப்படியென்றால் அதைத் தெரிந்துகொண்டே போங்கள், அல்லது போகாதீர்கள். போகாமல் இருப்பதும் ஒரு பதில்தான், ஆனால் ஏன் போகவில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள், இல்லாவிட்டால் ஊருக்கு ஆர்வமில்லை என்று எழுதிக்கொள்வார்கள்.

வாயால் கேட்டுக் கிடைக்கவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் "திட்டம் பற்றிய விவரம்" என்று மொட்டையாகக் கேட்காமல் மதிப்பீட்டு அறிக்கை, வரைபடம், நிதி எந்தத் தலைப்பில் வருகிறது, இதுவரை நடந்த கலந்தாய்வுகளின் நடவடிக்கைக் குறிப்பு, கையெழுத்துப் பட்டியல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கையெழுத்துப் பட்டியலை மறக்கவே வேண்டாம். அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: இது யாருடையது என்று பட்டியல் போடுங்கள்

"பழங்குடியினர் கருத்து கேட்கப்பட்டது" என்று ஒரு வரியில் முடிக்கிற மாவட்டம் இல்லை இது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள், ஆறுக்கும் வேறு வேறு பேச்சு, வேறு வேறு சாமி. மந்தில் முடிவெடுக்கிற விதம் வேறு, கோத்தர் ஊரான கோக்காலில் வேறு. படகர்களின் ஊர்களான ஹட்டிகளுக்குத் தனி ஊர்க்கட்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழர்களை இந்தப் பட்டியலில் சேர்க்க யாருக்குமே தோன்றுவதில்லை, அவர்களுடைய காமன் கூத்து இந்த மலையின் பண்பாடு இல்லையா? கூடலூர்ப் பக்கம் போனால் மௌண்டாடன் செட்டிகளும் இருக்கிறார்கள்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் விஷயத்தை எழுதுங்கள். சுற்றி மூன்று வட்டம் போடுங்கள். உள்வட்டத்தில் அதைச் செய்கிறவர்கள், காக்கிறவர்கள். நடு வட்டத்தில் அதனால் நேரடியாக பாதிக்கப்படுகிறவர்கள். வெளிவட்டத்தில் பார்க்கிறவர்கள், வியாபாரம் செய்கிறவர்கள். சங்கத் தலைவர் எந்த வட்டத்தில் என்று கேட்டால் சண்டை வரும், வரட்டும். தலைவர் ஊட்டியிலேயே இருப்பவராக இருக்கலாம், எல்லாக் கூட்டத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவருடைய போன் நம்பர்தான் எல்லா ஆபீசிலும் இருக்கிறது. அவர் மேல் தப்பில்லை. அவரோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு.

மூன்றாம் படி: எந்தச் சபை என்று தெளிவாக இருங்கள்

இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிராம சபை என்று நாம் பொதுவாகச் சொல்வது 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கூடுவது. வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300. இந்த நாட்களை நாட்காட்டியில் குறித்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். கோடை விழா மே மாதம். மே 1 சபையில் போய் மேடை ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் அதற்குள் நிகழ்ச்சி நிரலே அச்சாகியிருக்கும். ஆகவே ஜனவரி 26, தவறினால் மார்ச் 22. அதைத் தாண்டினால் அடுத்த வருடத்துக்குத்தான் பேசுகிறீர்கள்.

ஆனால் ஒரு சிக்கல். 2011 கணக்கெடுப்புப்படி நம் மாவட்டத்தில் சுமார் 59 விழுக்காட்டினர் நகர்ப்புற எல்லைக்குள் வருகிறார்கள். நகரத்துக்குள் சிக்கிய மந்துகள் இருக்கின்றன, அரசு தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒன்று இருக்கிறது. அங்கெல்லாம் கிராம சபை கிடையாது. 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபா கூட்டம் தொடங்கியிருக்கிறது, உங்கள் வார்டில் அது நடக்கிறதா என்று கவுன்சிலரைப் பிடித்துக் கேளுங்கள்.

மூன்றாவதாக வன உரிமைச் சட்டம் 2006 சொல்லும் கிராம சபை. பெயர் ஒன்று, ஆள் வேறு. பழைய குடியிருப்பு, காட்டுக் கிராமம், அளக்கப்படாத குடியிருப்பு இவற்றையும் கிராமம் என்று இந்தச் சட்டம் ஏற்கிறது, அதாவது ஊராட்சி முழுக்கக் கூடித்தான் பேச வேண்டும் என்றில்லை. வயது வந்த எல்லாருமே உறுப்பினர். 2012 திருத்தத்துக்குப் பிறகு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பிரிவு 5 தங்கள் பண்பாட்டு, இயற்கை மரபுக்குக் கேடு வராமல் வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தை இந்தச் சபைக்குத் தருகிறது. பிரிவு 3இல் மரபு அறிவின் மீது சமூகத்துக்கு இருக்கிற உரிமையும் வருகிறது. காட்டை ஒட்டிய கோவில், தேன் பாறை, இடுகாடு, பாறை ஓவியம் பற்றிய விஷயம் என்றால் நீங்கள் கூட்ட வேண்டியது இதைத்தான். பெசா என்று யாராவது பேசினால் தலையாட்டிவிட்டு நகருங்கள், அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கான ஊராட்சிச் சட்டம், தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை, அந்தச் சட்டம் இங்கே பொருந்தாது.

தீர்மானத்துக்கெல்லாம் என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு இரண்டு கதை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டும் வழக்கில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் வழிபாட்டு உரிமையை கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. இன்னொன்று நம் மாநிலத்திலேயே. மதுரை அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்றதும் சுற்றுவட்டார கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தீர்மானம் மட்டுமே தடுத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தீர்மானம் இல்லாவிட்டால் கையில் பிடித்துக்கொள்ள என்ன இருந்திருக்கும்?

யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கையும் இருக்கிறது, வாழும் மரபுகளைக் காக்கும் வேலையில் அந்தந்தச் சமூகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறது, இந்தியா 2005இல் சேர்ந்தது. மேடையில் பேச நன்றாக இருக்கும். தாலுகா ஆபீசில் எடுபடாது. அங்கே பிரிவு எண்ணோடு போங்கள்.

நான்காம் படி: கூட்டத்தை நடத்துவது

எங்கே கூடுவது? ஹோட்டல் ஹாலில் வேண்டாம். மைக் இருக்கிற இடத்தில் மைக் பிடிக்கத் தெரிந்தவர்தான் பேசுவார். ஊரிலேயே, திண்ணையிலோ கோவில் முன்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது? இலை எடுக்கிற வீட்டில் பகலில் யாரும் இருக்க மாட்டார்கள். சாயங்காலம் வைத்தால் கடைசி பஸ், அதற்கப்புறம் கரடி, காட்டெருமை பயம். தேயிலை வரத்து குறைவாக இருக்கும் மாதமாகப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, மதியம் சாப்பாடு அங்கேயே. கூலி விட்டு வருகிறவர்களுக்கு அந்த நாள் கூலியைத் திட்டத்தின் செலவிலிருந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆலோசகருக்குக் கொடுக்கிறார்கள்தானே? மார்கழி, தை தவிர்த்துவிடுங்கள். தோடர்களின் மொற்பர்த், கோத்தர்களின் கம்பட்டராயர் விழா, படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை எல்லாம் அந்த வாக்கில்தான் வரும், கூட்டத்துக்கு ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் மனசு அங்கே இருக்காது.

மொழி. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. அதிகாரி எழுந்து "இதில் யாருக்கேனும் ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். அமைதி. "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று நோட்டில் ஏறும். பெரியவர்கள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கம் பழக்கமில்லை, "பார்க்கலாம்" என்பார்கள். அந்தப் பார்க்கலாமுக்குப் பாதி நேரம் வேண்டாம் என்றுதான் அர்த்தம். ஆகவே அந்தச் சமூகத்துப் பிள்ளை ஒருவரே மொழிபெயர்க்கட்டும், கேள்வியையும் மாற்றுங்கள்: "இதில் எது உங்களுக்கு உறுத்துகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பது என்றால் உண்மையாகவே காத்திருப்பது, இரண்டு நிமிடம் யாரும் பேசாவிட்டால் அடுத்த அஜெண்டாவுக்குத் தாவக் கூடாது.

வரைபடம் காட்டினால் யாருக்கும் புரியாது. ஒரு ஊரில் "பாரம்பரியக் குடில்" கட்டப் போகிறோம் என்று வந்த இன்ஜினியர் திரையில் முப்பரிமாணப் படம் எல்லாம் ஓட்டினார், எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் நாங்கள் சுண்ணாம்பு வாங்கி அதே அளவில் தரையில் கோடு போட்டோம். கோடு முடிவதற்குள் ஒரு பெரியவர் வந்து நடுவில் நின்றுகொண்டார். "தம்பி, இந்தப் பக்கம் வாசல் வெச்சீங்கன்னா வர்றவன் பூரா செருப்போட எங்க சாமி பாதையில நடப்பான்." அரை மணி நேரத்தில் வாசல் எதிர்ப்பக்கம் போனது. ஐம்பது ரூபாய் சுண்ணாம்பு.

பெண்களோடு தனியாக ஒரு சுற்று பேசுங்கள், பொதுக்கூட்டத்துக்கு முன்னால். இளைஞர்களோடும். ஒரே கூட்டத்தில் எல்லாம் முடியாது, குறைந்தது மூன்று தடவை: முதலில் தகவல் மட்டும், பதினைந்து நாள் கழித்துக் கருத்து, அப்புறம் முடிவு. முதல் கூட்டத்திலேயே கையெழுத்துத் தாள் சுற்றி வந்தால் அதன் தலைப்பில் "வருகைப் பதிவு மட்டும், ஒப்புதல் அல்ல" என்று பேனாவால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்த ஒரு வரி எத்தனை ஊரைக் காப்பாற்றியிருக்கிறது தெரியுமா.

ஐந்தாம் படி: எதை யார் முடிவு செய்வது என்று பிரியுங்கள்

ஓட்டுப் போட்டு முடிவெடுப்போம் என்று யாராவது நியாயமாகப் பேசுவது போலப் பேசுவார்கள். தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர், மாவட்டத்தில் ஏழு லட்சத்துக்கு மேல். கை தூக்கி எண்ணினால் எந்த விஷயத்தில் அவர்கள் ஜெயிப்பார்கள்?

அதனால் விஷயத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வழிபாடு, சடங்கு, சாவு, கோவில் எல்லை இதெல்லாம் அந்தச் சமூகம் மட்டுமே முடிவு செய்வது, அவர்கள் வேண்டாம் என்றால் பேச்சு முடிந்தது, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. காட்சிக்கூடம், விழா மேடை, சுவர் ஓவியம், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது போன்றவை அரசும் ஊரும் சேர்ந்து முடிவு செய்வது, குழுவில் பாதி இடமாவது ஊருக்கு. மின்சார வயரிங், டெண்டர், பார்க்கிங் இதெல்லாம் அதிகாரிகளே பார்த்துக்கொள்ளட்டும், நமக்குத் தகவல் வந்தால் போதும். எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தால் முக்கியமானதில் பேசும்போது காது கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பண்பாட்டு ஆர்வலர்களுக்கு இது பிடிக்காது. மரபை விடுவதும் அந்தச் சமூகத்தின் முடிவுதான். ஒரு காலத்தில் மற்றவர்கள் வீட்டுச் சாவுக்குக் கோத்தர்கள் போய் வாசிப்பது வழக்கமாக இருந்தது. அது தங்களைத் தாழ்த்துகிறது என்று கருதி, போன நூற்றாண்டில் படிப்படியாக அவர்களே நிறுத்தினார்கள். தங்கள் சாமிக்கும் தங்கள் ஊருக்கும் வாசிக்கிறார்கள். "அரிய இசை அழிகிறதே" என்று வெளியிலிருந்து வந்து யாராவது திட்டம் போட்டு அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஆறாம் படி: தீர்மானம் எழுதுவது

"பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று முடிக்காதீர்கள், பரிசீலித்தோம் என்று பதில் வரும். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று தருகிறேன், ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

"தீர்மானம் எண் 4. பொருள்: விழா மேடைகளில் எங்கள் ஊர் ஆட்டம். வழிபாட்டின்போது மட்டும் ஆடப்படுவதை எந்த மேடையிலும் ஆடுவதில்லை. மற்ற ஆட்டங்களில் எதை, யார், எவ்வளவு நேரம் ஆடுவது என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். அழைப்பு நிகழ்ச்சிக்கு 45 நாட்களுக்கு முன் எழுத்தில் வர வேண்டும். பேசிய தொகை ஆடுவோர் ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கிலும் 15 நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டும். பதிவு செய்யும் ஒலி, படம் எதையும் ஊரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்தத் தீர்மானம் ஓராண்டுக்குப் பின் மறுபரிசீலனை செய்யப்படும். வருகை, ஆதரவு, மாற்றுக் கருத்து: எண்ணிக்கையோடு."

மாற்றுக் கருத்தையும் பெயர் போடாமல் ஒரு வரி எழுதுங்கள். எல்லாரும் ஒத்துக்கொண்ட மாதிரி எழுதினால் ஆறு மாதம் கழித்து ஊருக்குள்ளேயே ஒருவர் எழுந்து நான் எப்போது ஒத்துக்கொண்டேன் என்பார், அவர் கேட்பதும் சரிதான். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டி, அவரவர் மொழியில் சொல்லி, அதற்கப்புறம்தான் கையெழுத்து. கடைசிக் கையெழுத்துக்குக் கீழே குறுக்குக் கோடு இழுத்துவிடுங்கள், இடையில் ஒரு வரி புகுந்துவிடாமல் இருக்க.

ஏழாம் படி: காசும் உரிமையும்

தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகளில் அச்சடித்த நகல் இன்னும் தொங்குகிறது. குறியீடு வாங்கினால் போதாது, கைவினைஞர்கள் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும், 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், நகலைப் பார்த்தால் புகார் கொடுக்க ஆள் வேண்டும். இந்த வேலையை யார் செய்வது, அதற்குச் செலவு யார் என்பதைத் திட்டம் தொடங்கும்போதே எழுதி வாங்குங்கள். குறும்பர் ஓவியத்தைச் சுவரில் வரைவதாக இருந்தால் குறும்பர்களே வரையட்டும், கூலி அவர்களுக்கே போகட்டும். டவுனிலிருந்து ஆர்ட்டிஸ்ட் வந்து பார்த்து வரைவதற்கு எதற்கு ஒரு கலந்தாய்வு?

மாவட்டக் கலை மன்றம் வருடா வருடம் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஐந்து விருது தருகிறது, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் உண்டு. விண்ணப்பம் எப்போது என்று நம் ஊர்களுக்குத் தெரிவதே இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: அதற்கப்புறம்

முடிவெடுத்த மறுநாளிலிருந்து எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஊரிலிருந்து இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், மாதம் ஒருமுறை போய் வேலையைப் பார்த்து நோட்டில் இரண்டு வரி எழுதட்டும். ஒத்துக்கொண்டதற்கு மாறாக நடந்தால் படம் எடுத்து, தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் நீல டிக் வரும், அவ்வளவுதான்.

அந்தக் காட்சிக்கூடத்துத் துணிக்கு மூன்று கடிதம் போட்டோம். பதினோரு மாதம் கழித்து ஒரு நாள் பெட்டியைத் திறந்தார்கள். பாட்டியையே கூட்டிப்போய் அவர் கையாலேயே திருப்பி விரிக்கச் சொன்னோம், விரித்துவிட்டு இரண்டு மடிப்பை நீவி விட்டார். விளக்கு ரொம்பப் பிரகாசமாக இருக்கிறது, சிவப்பு வெளுத்துப்போகும் என்றும் சொன்னார். அதற்கு நான்காவது கடிதம் போயிருக்கிறது, ரசீது நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.